எதிர் சீட்டுக்கு ஒரு மெசேஜ்

போன மாதம் எங்கள் பிரஸ்ஸில் கம்ப்யூட்டர்களில் ஒரு சாட் புரோகிராம் போட்டோம். யாருடன் பேச? எதிர் சீட்டில் இருப்பவருடன்.

திருத்தங்கலில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற பிரஸ். நான் டிசைனர். ஓனர்கள் அண்ணன் தம்பி. பூர்வீக வீட்டைப் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் ஒரே அறை, எதிரெதிர் மேஜை. நடுவில் நான்.

"அவர்ட்ட சொல்லுங்கம்மா, பேப்பர் லோடு வந்துருச்சுன்னு" என்பார் சின்னவர். பெரியவர் காதில் நன்றாக விழும். இருந்தாலும் நான் திரும்பிச் சொன்ன பிறகுதான் எழுந்து போவார்.

ஒரு நாள் லீவு போட்டேன். அன்று பார்த்து, புஸ்வாணப் பெட்டி லேபிளில் பச்சை வேண்டாம், நீலம் வேண்டும் என்று ஆர்டர் கொடுத்த பார்ட்டி போன் செய்திருக்கிறார். சின்னவர் அதை என் காலி நாற்காலியிடம் சத்தமாகச் சொன்னாராம். பெரியவர் கேட்டுவிட்டு, பச்சையிலேயே அடித்து முடித்துவிட்டார். முறைப்படி தகவல் வரவில்லையே... சீசன் நேரத்தில் மொத்த லோடும் திரும்பி வந்தது.

அதன் பிறகுதான் இந்த ஏற்பாடு. போனில் ஒருவரையொருவர் எப்போதோ பிளாக் செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டர்தான்.

நானே இன்ஸ்டால் செய்து, பாஸ்வேர்டு போட்டு, மூவருக்கும் ஒரு குரூப் ஆரம்பித்தேன். சின்னவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி எதற்கு என்று பெரியவர் கேட்டார். அவர் சீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம் என்றேன். பெரியவர் எதிரே பார்த்தார். சின்னவர் சீட்டில்தான் இருந்தார்.

"சரியாத்தாம்மா காட்டுது."

வேலை ஓடியது. 'பேப்பர் வந்தது.' 'சரி.' அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது.

போன வியாழக்கிழமை பெரியவர் மதுரைக்குப் போய் ஹார்ட் டெஸ்ட் ரிசல்ட் வாங்கிக்கொண்டு, மதியம் வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தயக்கம். சின்னவர் கீபோர்டை இழுத்து ஒற்றை விரலால் தட்டினார். குரூப் என்பதால் என் திரையிலும் வந்தது — 'டாக்டர் என்ன சொன்னார்?'

பெரியவர் டைப் செய்கிறார் என்று காட்டியது. நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார்...

கரண்ட் போய்விட்டது.

மூன்று திரையும் அணைந்தன. மெஷின் சத்தமும் நின்றது. சின்னவர் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் நெஞ்சில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள, கரண்ட் வருகிற வரை காத்திருக்க முடியுமா? எழுந்துவிட்டார்.

"என்ன சொன்னாகண்ணே?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்லையாம்லே. மாத்திரை குடுத்திருக்காக."

சின்னவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். எந்த மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கரண்ட் வந்தது. இருவரும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பவில்லை.

கோபத்துக்கு மெசேஜ் போதும். பயத்துக்குப் போதாது போல.

மறுநாள் யூபிஎஸ் விற்கிறவர் வந்தார். பேசி வைத்ததுபோல இருவரும் ஒன்றாக வேண்டாம் என்றார்கள். பேசித்தான் வைத்திருந்தார்களோ என்னவோ!