ஷூவுக்குள் இருந்த கல்

மாதா கோயில் வாசலில் முப்பது வருடமாகச் செருப்புத் தைக்கிறவர் அவர். பாதிக் கூட்டம் வேண்டிக்கொள்ள வரும், பாதி படமெடுக்க வரும். "எனக்கும் கோயிலுக்கும் வாசலோட சரி" என்பார்.

அன்று, பதினொரு நாள் நடந்தே வந்த யாத்திரைக்காரர் ஒருவர் தையல் விட்ட ஷூவைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து காலை நுழைத்ததும் திகைத்தார்.

"உள்ள ஒரு கல்லு இருந்துச்சே?"

"குத்துமேன்னு தூக்கிப் போட்டுட்டேங்க."

"செஞ்ச பாவத்துக்கு நானே வெச்சுக்கிட்ட தண்டனைங்க அது!"

தைக்கிறவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதறிப்போய்க் குப்பையைக் கிளறினார். வந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கண்ணே. மன்னிச்சிடு தாயேன்னு இப்பத்தான் உள்ள அழுதுட்டு வரேன். அதுக்குள்ள நீங்க எடுத்துட்டீங்க."

அவர் நொண்டாமல் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்த தைக்கிறவர், கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னையுமா தாயே வேலைக்கு வெச்சிருக்கே?"