பக்கிரிசாமிக்குக் கிடைக்காத தங்கப் பந்து

பக்கிரிசாமியைக் குடிகாரன் என்று சொல்ல இந்தச் சிராங்கூன் ரோட்டில் ஆயிரம் வாய் இருக்கிறது. அந்த ஆயிரத்தில் ஒன்றாவது அவன் பக்கத்தில் உட்கார்ந்து லாரியில் போயிருக்கிறதா? நான் போயிருக்கிறேன். என் பெயர் முகைதீன். அரிசி கம்பெனி லாரியில் அவன் டிரைவர், நான் கெலிண்டான். கெலிண்டான் என்றால் டிரைவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து வழி பார்த்துச் சொல்கிறவன், மூட்டை இறக்குகிறவன், லாரி பின்னால் போகும்போது தொண்டை கிழியக் கத்துகிறவன். ஆற்றோரப் போட் கீ கிடங்கில் ஏற்றிக்கொண்டு கேலாங், சிராங்கூன் என்று சுற்றுவோம். அத்தனை காலத்தில் அவன் வாயில் வெற்றிலை வாடையைத் தவிர வேறு வாடை நான் அறிந்ததில்லை.

குடிக்கத்தான் விடுவாளா அவன் பெண்டாட்டி? பூவம்மாவின் அப்பன் கள்ளுக்கடையே கதியென்று கிடந்து செத்தவன். அவள் கல்யாணத்துக்கு முன்பே பக்கிரியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "குடிக்கிறவனுக்குக் கழுத்தை நீட்டறதுக்குப் பதிலா நான் சும்மாவே இருந்துக்குவேன்" என்றாளாம். அவனும் சத்தியத்தைக் காப்பாற்றினான். தீபாவளிக்கு ஊரே தள்ளாடும்போது அவன் மட்டும் கம்பெனி வீட்டு வாசலில் மூன்று பிள்ளைகளோடு மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் வேறு ஆள். ஃபேரர் பார்க் திடலில் எங்கள் ஆட்கள் அணிக்கு அவன்தான் கோல் கீப்பர். ஐம்பத்தேழாம் வருஷத்துக் கடைசி ஆட்டத்தில், முடிகிற நேரத்தில், எதிரணிக்காரன் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்துவிட்டான். பக்கிரி அவன் காலடியில் விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டான். பூட்ஸ் கால் முகத்தில் இறங்கியது. இடது கண் வீங்கி மூடிக்கொண்டது. அப்படியும் எழுந்து நின்று விசில் ஊதும்வரை ஆடினான். கோப்பை எங்களுக்கு! அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு தேக்கா சந்தை வரைக்கும் போனோம். என் தோளிலும் இருந்தான் பாவி.

அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் நகைக்கடை பரமசிவத்துக்கு அந்த யோசனை வந்தது. அவர்தான் எங்கள் விளையாட்டுச் சங்கத்துக்குத் தலைவர். மதுவிலக்குப் பற்றி மேடை மேடையாகப் பேசுகிறவர். பாரிஸில் ஒரு பத்திரிகை வருஷா வருஷம் சிறந்த ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்துத் தங்கப் பந்து கொடுக்கத் தொடங்கியிருக்கிறது என்று பேப்பரில் படித்திருக்கிறார்.

"வெள்ளைக்காரன் குடுத்தா நாம குடுக்கக் கூடாதா? நம்ம ஆளுக்கு நாமளே குடுப்போம். வருஷா வருஷம் குடுப்போம்" என்று கூட்டத்தில் மேசையைத் தட்டினார். கையைத் தூக்கி ஓட்டுப் போட்டோம். பக்கிரிதான் முதல். நிஜப் பந்து ஒன்றை வாங்கித் தங்கப் பூச்சுப் பூசித் தன் கடைக் கண்ணாடிக்குள்ளே வைத்தார் பரமசிவம். ஜனம் நின்று நின்று பார்த்துவிட்டுப் போனது.

இதற்குள் இங்கே என்ன நடந்தது? வீக்கம் வடிந்தது. பார்வை திரும்பவில்லை. முதலில் மங்கல், பிறகு ஓரத்தில் கறுப்பு, பிறகு முழுக்க இருட்டு. தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று கேலாங்கில் ஒரு டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். கண்ணுக்குள்ளே திரை கிழிந்துவிட்டது, இனி வராது என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து கடைகளுக்கு முன்னால் ஓடுகிற ஐந்தடிப் பாதையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"பாய், ஒத்தைக் கண்ணனுக்கு லாரி குடுப்பானா?"

"குடுக்க மாட்டான்."

"வேலை போச்சுன்னா வீடும் போயிரும். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

கம்பெனி வீடு வேலையோடு ஒட்டியது. உடம்புக்கு முடியாதவனை இரண்டு வரிக் கடிதத்தில் அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போனவர்களின் சட்டி பானை சாலையில் கிடந்ததை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம்.

ஆக, மறுநாளிலிருந்து அவன் இடது கண் நான்தான். "சைக்கிள் வருது", "கிழவி நிக்கிறா", "இடது காலி, திருப்பு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவேன். தப்பில்லையா என்று கேட்பீர்கள். தப்புத்தான். யார் இல்லை என்றது? மூன்று பிள்ளைகளின் தலைக்கு மேலே கூரை இருக்க வேண்டுமே, அதற்கு நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். இந்த விஷயம் அவனுக்கும் பூவம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. பிள்ளை வாய் நிற்குமா?

பரிசே வேண்டாம் என்று பக்கிரி பரமசிவத்தின் கடைக்கே போய்க் கெஞ்சினான். அவர் அவன் முதுகைத் தட்டி, "பாத்தீங்களா தன்னடக்கத்தை!" என்று கடையிலிருந்தவர்களிடம் பெருமைப்பட்டார். "உங்க கம்பெனி துரையையும் கூப்பிட்டிருக்கேன். முன்வரிசையில உக்காரப் போறாரு. கோல் கீப்பருக்குக் கையில குடுத்தா என்ன அழகு? மேடையில நான் தூக்கிப் போடுவேன், நீ பாஞ்சு பிடிக்கணும்" என்றார்.

அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். போகாவிட்டால் ஏன் என்று துருவுவார்கள். போனால் பந்து வரும். கடைசியில் பக்கிரியே சொன்னான்: "நான் அவரு பக்கம் திரும்பி நின்னுக்கறேன். பாய், நீங்க மேடைக்குக் கீழ இடது பக்கம் நில்லுங்க. எதுக்கும் ஒரு சத்தம் குடுங்க."

திடலில் பந்தல் போட்டு, மேளம் வைத்து, கல்யாணம் மாதிரி செய்திருந்தார்கள். பூவம்மா பெண்கள் பக்கம் மூத்த மகள் சந்திரமதியை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கிரி வெள்ளைச் சட்டையில் மேடை ஏறினான். பரமசிவம் அவனுக்கு இடது ஓரத்தில் பந்தோடு நின்றார். பக்கிரி சரியாக அவர் பக்கம் திரும்பினான். நான் மூச்சை விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பேப்பருக்குப் படம் பிடிக்கிறவன் கீழேயிருந்து, "அண்ணே, இங்க பாருங்க, முகம் தெரியல!" என்றான். எவனாவது கூப்பிட்டால் திரும்பத்தானே தோன்றும்? திரும்பினான். பரமசிவம் வீசிவிட்டார்.

"இடது! இடது!" என்று கத்தினேன். கெட்டிமேளம் முழங்கியதில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

பந்து அவன் கன்னத்தில் அறைந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றே தெரியாமல் அவன் கையை வீசினான். மைக் விழுந்தது. ஓர் அடி எடுத்து வைத்தவன் மாலைத்தட்டு வைத்த மேசையில் இடித்து அதோடு சாய்ந்தான். யா அல்லா! மேளம் நின்றது. முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு திடலே சிரித்தது. "ஊத்திக்கிட்டு வந்துட்டான்டா!" என்று எவனோ கூவினான்.

துரை சிரிக்கவில்லை. எழுந்து நின்று பக்கத்திலிருந்த கணக்கெழுதும் கிராணியிடம், "அவன் கண்ணுக்கு என்ன ஆயிற்று?" என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். பூவம்மா எப்படிப் புரிந்துகொண்டாளோ தெரியாது. துரையின் முகத்தைப் பார்த்திருப்பாள். எழுந்து தலைமயிரை அவிழ்த்துக்கொண்டு முன்னால் ஓடி வந்தாள்.

"அட பாவி! இன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் வந்தியா? நல்ல நாளு அதுவுமா ஊரு முன்னால என் மானத்தை வாங்கிட்டியே! வீட்டுலதான் தினம் கூத்துன்னா மேடையிலயுமா?"

மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. அவள் வாயால் அவனை அப்படிச் சொல்ல வேண்டி வந்ததே, அதற்கு அழுதாள். பக்கிரி விழுந்த இடத்திலிருந்து அவளைப் பார்த்தான். புரிந்துகொண்டான். பிறகு வேண்டுமென்றே தள்ளாடி எழுந்து நின்றான்.

துரை முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பரமசிவம் பந்தை எடுத்துத் துண்டால் துடைத்தார். "குடிகாரன் கை இந்தப் பந்துல படக் கூடாது" என்று சொல்லி, ஓட்டில் இரண்டாவதாக வந்தவனை மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பத்து வயதுச் சந்திரமதி பின்னாலேயே ஓடி வந்து அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

வேலை தப்பியது. எச்சரிக்கையோடு விட்டார் துரை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான்தான் அவனைத் தேற்றினேன். ஆனால் பத்து நாள் போகவில்லை, தேக்கா சந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இடது பக்கத்திலிருந்து குறுக்கே ஓடிவிட்டது. நான் அலறினேன். பிரேக் பிடித்தான். அந்தப் பிள்ளை லாரி மூக்கைக் கையால் தொட்டுக்கொண்டு நின்றது. பக்கிரி இறங்கி, அதைத் தூக்கி நடைபாதையில் விட்டான். அன்று மாலையே சாவியைத் துரை மேசையில் வைத்துவிட்டான்.

"குடியை விட முடியல தொரை. லாரி வேண்டாம். மூட்டை தூக்கறேன்" என்றான். கண் என்று சொல்லியிருந்தால் அன்றே வெளியே. குடி என்றதால் கை கால் நன்றாக இருக்கிற ஆள், கிடங்கில் இருக்கட்டும் என்று விட்டார். வீடும் நிலைத்தது. வருஷப் பிறப்புக்குப் புதுச் சட்டை கொடுக்கும்போதெல்லாம், "குடியை விட்டுவிட்டாயா? விட்டால் மறுபடி லாரி தருகிறேன்" என்பார் துரை. "இன்னும் இல்ல தொரை" என்று இவன் தலையைக் குனிந்துகொள்வான். விடுவதற்கு அவனிடம் குடி எங்கே இருந்தது?

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். இவன் மரத்தடியிலும் நிற்கவில்லை, பாலும் குடிக்கவில்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இடது பக்கம் வருகிறவர்கள் மேல் மோதிக்கொண்டு நடப்பான். காலையிலேயே ஏற்றிவிட்டான் என்பார்கள். சங்கத்துக்காரன் எவனும் அவனோடு பேசுவதில்லை. நான் எத்தனை பேரிடம் சண்டைக்குப் போயிருக்கிறேன் தெரியுமா? உண்மையைச் சொல்ல முடியாமல் போடுகிற சண்டை என்ன சண்டை!

அதையெல்லாம் தாங்கிக்கொண்டான். சந்திரமதியைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் பிள்ளை மேடைக்குக் கீழே இருந்து எல்லாவற்றையும் பார்த்த பிள்ளை. அப்பா என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அறுபத்தாறில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். பெண்ணைப் பார்த்துப் பிடித்துப் போய்ப் பூ வைக்க நாளும் குறித்துவிட்டார்கள். பிறகு தேக்காவில் விசாரித்திருக்கிறார்கள். குறித்த நாளில் பையனின் மாமன் மட்டும் வந்தான். நானும் அங்கே இருந்தேன். "தப்பா நினைச்சுக்காதீங்க. பொண்ணு தங்கம். ஆனா தண்ணி போடுற வீட்டுல எங்க அக்கா சம்பந்தம் வேண்டாங்குறாங்க" என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனான்.

சந்திரமதி அழவில்லை. "இப்ப சந்தோஷமா? எங்களையும் சேத்துக் குடிச்சிட்டீங்க" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். பூவம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏய், உங்கப்பா யாருன்னு தெரியுமாடி..." என்று வாயைத் திறந்தாள். பக்கிரி அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தான். நானும் போனேன்.

"சொல்லிரு தங்கச்சி, இனிமே என்ன?" என்றேன்.

"வேண்டாம் பாய்" என்றான் அவன். "கண்ணு கெட்ட வீடுன்னு தெரிஞ்சா, பிறக்கிற பிள்ளைக்கும் வரும்னு பொண்ணையே ஒதுக்கிருவான். ஆட்டத்துல அடிபட்டதுன்னா எவன் நம்புவான்? எட்டு வருஷமா பொய் சொன்னவங்கதானேம்பான். குடின்னா அது என்னோட போகும். இன்னொரு மாப்பிள்ளை வருவான்."

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின்னாலேயே போனேன். கிடங்குக்குப் போகிறான் என்று நினைத்தேன். அவன் நேரே கள்ளுக்கடைக்குப் போனான்.

"பக்கிரி! பைத்தியமா உனக்கு?" என்று சட்டையைப் பிடித்தேன்.

"விடுங்க பாய். குடிக்குக் கூலி எட்டு வருஷமாக் குடுத்தாச்சு, அந்த வேலையையாவது பாக்கறேன்."

எனக்கு அந்தப் படி ஆகாது, வாசலிலேயே நின்றேன். உள்ளே இருந்தவர்கள் பல நாள் பழகியவனைப் போல அவனுக்கு இடம் விட்டார்கள். முதல் குவளையில் பாதி குடித்துவிட்டு இருமினான். மூக்கைப் பிடித்துக்கொண்டு மீதியையும் விழுங்கினான். இன்னொன்று கேட்டான். வெளியே வந்து கால்வாய் ஓரத்தில் வாந்தி எடுத்தான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அவன் வலது கண்ணிலிருந்தும் இடது கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடியது.

தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கதவைத் திறந்த பூவம்மாவின் மூக்கில் அந்த வாடை பட்டது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரிந்த வாடை. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். திட்டவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை.

"என் நாக்கு அழுகிப் போகணும் பாய். அன்னைக்கு நான் சொன்னது பலிச்சிருச்சே" என்றாள்.

உள்ளே விளக்கு ஏற்றிக்கொண்டிருந்த சந்திரமதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் வந்தாச்சா?"

"ஆமா தாயி" என்றான் பக்கிரிசாமி. "இன்னைக்கும்தான்."