வேங்கைப் பால் கறை

வேங்கை மரத்தின் பால் கையில் பட்டால் முதலில் வெட்டுக்காயம் போலச் சிவப்பாக இருக்கும். காய்ந்ததும் கறுத்துப்போய், எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. ஐம்பதுகளில் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் காட்டோரத்துக் 'குவார்ட்டர்ஸில்' வளர்ந்த எனக்கு அந்தக் கறைதான் மருதாணி. அந்தக் கறைதான் பின்னால் எங்கள் மானத்தையும் காப்பாற்றியது.

அப்பா பாரஸ்டர். பெயர் சூசை. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் யாரும் வழி காட்ட மாட்டார்கள்; 'பிடிலு பாரஸ்டர்' என்றால் குழந்தைகூடக் கையைப் பிடித்து அழைத்து வரும். மாதா கோயில் பாட்டுக்காரர்களோடு சேர்ந்து கேட்டுக் கேட்டே பிடில் கற்றவர். கோயில் பாட்டும் வாசிப்பார், மாரியம்மன் பண்டிகைக்குக் கூப்பிட்டால் அங்கேயும் போய் வாசிப்பார். கோடையில் காட்டுத்தீ பரவாமல் இருக்கச் சருகு கூட்டித் தடம் போட வேண்டும். அதற்கு அப்பா யாரையும் அதட்டிக் கூப்பிட்டதில்லை. பாறைமேல் உட்கார்ந்து பிடிலை எடுப்பார். கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர் என்று மூன்று கிராமமும் துடைப்பத்தோடு வந்து நிற்கும்.

அவர் செய்துவைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. வெட்டப்போகிற மரங்களுக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அடிமரத்தில் பட்டையைச் செதுக்கி, சர்க்கார் சுத்தியலால் முத்திரை குத்த வேண்டும். அந்த நாளை அப்பா ஊருக்குச் சொல்லி அனுப்புவார். பெண்கள் கொட்டாங்குச்சியோடு வருவார்கள். செதுக்கிய இடத்தில் வடிகிற வேங்கைப் பாலைப் பிடித்துக் காய்ச்சினால் குழந்தைகளுக்குப் பொட்டு. அன்றைக்கு மட்டும் பால் எடுக்கலாம். மற்ற நாளில் ஒரு வேங்கையையும் யாரும் கொத்தக் கூடாது. விறகு பொறுக்கும் முனியம்மா அத்தைதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி.

மரம் வெட்டும் உரிமையை எடுத்திருந்தவரை 'கான்ட்ராக்டர்' என்றே எழுதுகிறேன். பெயர் தெரியும். இந்தக் கட்டுரையில் அதற்கு இடம் கொடுக்க மனமில்லை. வேலைக்காரனிடம் நாய்க்கு எறிவதுபோல் பேச்சை எறிவார், அதிகாரிகளிடம் வெண்ணெய்.

ஒரு வருஷம் வெட்டு முடிந்ததும், அதிகாரிகள் வந்து பார்த்தால், அப்பா எழுதிக் கொடுத்ததைவிட இரண்டு பங்கு மரம் சாய்ந்திருந்தது. எல்லா அடிக்கட்டையிலும் முத்திரையும் இருந்தது. "உங்க பாரஸ்டர் குத்திக் குடுத்தாரு, நான் வெட்டினேன் சாமி" என்று கான்ட்ராக்டர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். கள்ள முத்திரைச் சுத்தியல் ஒன்று செய்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பாவுக்கு வேலை போயிற்று. அந்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்.

சாமான்களை வாசலில் போட்டுக்கொண்டிருந்தோம். கான்ட்ராக்டர் வேடிக்கை பார்க்க வந்தார். பாய்ச்சுருட்டின்மேல் கிடந்த பிடிலைப் பார்த்தார். தவறி மிதித்தவர் போலக்கூட நடிக்கவில்லை; செருப்புக் காலை எடுத்து அதன்மேல் வைத்து நிதானமாக அழுத்தினார். 'மடக்' என்றது. "எனக்குக் கொறச்சுக் குறிச்சியே, அந்த மரத்துக்கு இது. மரத்துக்கு மரம் சரியாப் போச்சு, பாரஸ்டரே" என்றார். அப்பா குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். ஒன்பது வயசுக்காரி நான், அந்தச் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இன்றைக்கும் வரையச் சொன்னால் வரைவேன்.

முனியம்மா அத்தை தன் மாட்டுக்கொட்டகையை மெழுகி எங்களுக்குக் கொடுத்தார். சேலத்திலிருந்து பெரிய அதிகாரி விசாரணைக்கு வந்த அன்று, யாரும் கூப்பிடாமலே, கொட்டாங்குச்சிக் கூட்டம் முழுவதும் காட்டுக்குள் போய் நின்றது. அத்தை ஓர் அடிக்கட்டையைக் காட்டினார். முத்திரைக்குக் கீழே கறுஞ்சிவப்பாக ஒரு தாரை இறங்கி, வேர்வரை காய்ந்திருந்தது.

"இது எங்க பாரஸ்டர் குத்தினது, சாமி. உசுரோட இருக்கிற வேங்கையக் கொத்தினா ரத்தம் வடியும். நானே ரெண்டு கொட்டாங்குச்சி புடிச்சேன்." அடுத்த கட்டைக்குப் போனார். முத்திரை பளிச்சென்று சுத்தமாக இருந்தது. "இதுல ரத்தம் எங்க? செத்துப்போனதுக்கு அப்புறம் குத்தினது இது. ஊர்ப் புள்ளைங்க நெத்தியப் பாத்திருந்தா இந்தக் களவாணிக்குத் தெரிஞ்சிருக்கும். அவன்தான் எங்க மூஞ்சிய நிமிந்தே பாக்க மாட்டானே!"

பெரிய அதிகாரி ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து பார்த்தார். அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கான்ட்ராக்டரோ, "என் மேஸ்திரி செஞ்சான், எனக்குத் தெரியாது" என்று ஓர் ஏழையைக் கைகாட்டித் தப்பித்துக்கொண்டார். திருட்டு மரம் மட்டும் பறிமுதல். நேர்வழியில் வெட்டியது அவருக்கே என்று தீர்ப்பு.

ஆனால் அந்த மரமும் காட்டைவிட்டுப் போக வேண்டுமானால், ஒவ்வொரு கட்டையையும் பாரஸ்டர் பார்த்து, போகலாம் என்று முத்திரை குத்த வேண்டும். அதுதான் சட்டம். எங்கள் பாரஸ்டர் யார்?

ஐப்பசி மாதம். ஆற்றைக் கடந்துதான் மரம் வெளியே போக வேண்டும்; இக்கரையில் வெட்டிய கட்டைகள், பக்கத்தில் வரிசையாக வண்டிகள். அப்பா வேங்கைப் பிசினாலேயே ஒட்டிய பிடிலோடு வந்து ஒரு கட்டைமேல் உட்கார்ந்தார். எழுந்து ஒரு கட்டையைத் தட்டுவார், காது வைத்துக் கேட்பார், முத்திரை குத்துவார். பிறகு உட்கார்ந்து ஒரு பாட்டு. விரிசல் விட்ட பிடில் கதவுக் கீல்போலக் கத்தியது. கான்ட்ராக்டர் காதைப் பொத்திக்கொண்டு, "ஸ்வல்ப பேக, கொஞ்சம் வெரசா ஆகட்டும் சாமி, மேக்கே வானம் கறுக்குது" என்று குழைந்தார்.

"ஒவ்வொண்ணாப் பாக்கணுமே. போன தடவ பாக்காம விட்டுத்தானே தப்பாப் போச்சு" என்றார் அப்பா.

வண்டிக்காரர்களை மாட்டை அவிழ்த்து மேயவிடச் சொன்னார். அம்மாவும் அத்தையும் அவர்களுக்குக் களியும் கீரையும் கொண்டுவந்தார்கள். கான்ட்ராக்டருக்குத் தண்ணீர்கூட நீட்டவில்லை. அம்மாவுக்கே பொறுக்காமல், "போதுங்க, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார். "அவர் பாக்கட்டும். நானும் கொஞ்சம் பாக்கறேன்" என்றார் அப்பா.

மூன்றாம் நாள் மதியம் மேற்கே இடித்தது. அப்பா அப்போதே ஆளையும் மாட்டையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார். சாயங்காலத்துக்குள் செம்மண் வெள்ளம் கரையேறி வந்து, முத்திரை குத்தியது, குத்தாதது என்று பார்க்காமல் கட்டைகளைப் புரட்டிக்கொண்டு போயிற்று. கான்ட்ராக்டர் முட்டளவுத் தண்ணீரில் நின்று கத்தினார். அப்பா எழுந்து நின்று, "மரத்துக்கு மரம் சரியாப் போச்சுங்க" என்றார். அது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு வெல்லமாக இனித்தது.

அப்பா கடைசிவரை வேறு பிடில் வாங்கவில்லை. ஊரார் சேர்ந்து ஒன்று வாங்கித் தருகிறோம் என்றபோதும், "இதோட குரல் எனக்குப் பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டார். அவர் அடக்கத்தன்று கொட்டாங்குச்சிப் பெண்கள் கோயிலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இடுப்பிலிருந்த குழந்தைகள் நெற்றியில் எல்லாம் கறுப்புப் பொட்டு.

இப்போது நான் ஓசூரில் இருக்கிறேன். 'ஷிப்ட்' பஸ்களின் ஹாரன்தான் எனக்குக் கடிகாரம். அந்தச் சரிவில் வேங்கை ஒன்றுகூட இல்லை. ஒட்டுப் பொட்டுதான் இப்போது அட்டையில் வருகிறது. போன மாதம் கான்ட்ராக்டரின் பேரன், இப்போது எங்கள் தெருக்காரன், தன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். நல்ல பையன், பணிவானவன். சுவரில் தொங்கிய பிடிலைப் பார்த்து, "பாட்டிம்மா, இது எப்படி உடைஞ்சது?" என்றான்.

"உங்க தாத்தா செருப்புக் கால்" என்றேன்.

அவன் தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். பாவம், அவன் என்ன செய்வான்? உள்ளே போய் நல்ல பாலில் காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தேன். சர்க்கரை மட்டும் போடவில்லை.