பதினான்கு கிணறுகளில் பூச்சியே இல்லை

அடைக்கலராஜ் எங்கள் விலங்கியல் துறையில் தற்காலிக அட்டெண்டர். 1949-இல் தற்காலிகமாகச் சேர்ந்தவர் 1958-இலும் தற்காலிகமாகவே இருந்தார். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இருந்தவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நான் அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர். பேராசிரியர் தவளையைப் பற்றிப் பேசுவார், நான் அதை அறுத்துக் காட்டுவேன், அடைக்கலராஜ் அதைப் பிடித்து வந்திருப்பார். மூவரில் தவளையை நன்றாக அறிந்தவர் யார் என்று சம்பளப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது.

பேராசிரியர் பராசரன் ஸ்ரீரங்கத்துக்காரர். அவருடைய ஆராய்ச்சி, நன்னீரில் வாழும் பொடி ஓட்டுடலிகளைப் பற்றியது. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம். உருவமோ குண்டூசித் தலைக்கும் கீழே. குளம், குட்டை, வாய்க்கால், கிணறு எல்லாவற்றிலும் இருக்கும். திருச்சி ஜில்லாவில் எந்தத் தண்ணீரில் எந்த வகை வாழ்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. சுவரில் பெரிய மேப் மாட்டி, வகைக்கொரு நிறத்தில் குண்டூசி குத்திக்கொண்டே வந்தார். ஆனால் ஆடிப்பெருக்கைத் தவிர வேறு நாளில் அவர் கால் நனைந்து நான் பார்த்ததில்லை.

நனைந்ததெல்லாம் அடைக்கலராஜின் கால்கள். சைக்கிள் கேரியரில் பார்மலின் பாட்டில்கள், தோளில் பட்டுத்துணி வலை. சமயபுரத்துக் குளத்தில் இறங்கி, பிள்ளை வரம் கேட்க வந்தவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறார். பூச்சிகளுக்கு அவரே பெயரும் வைத்திருந்தார்: ஒற்றைக் கண்ணோடு துள்ளுவது ஒத்தக்கண்ணன், தத்தித் தத்திப் போவது தெள்ளு, இரண்டு ஓட்டுக்குள் ஒளிந்திருப்பது ரெட்டைச்சிப்பி.

"மண்ணச்சநல்லூர் மில்லுக் குட்டையில தெள்ளு நல்லாக் கொழுத்திருக்கு சார். தவிடு திங்குது, கேக்கணுமா?" என்பார். அதையே பேராசிரியர் நான்கு பக்க ஆங்கிலத்தில் எழுதினால் கட்டுரை.

கடைசியாக ஸ்ரீரங்கம் வந்தது. ஆற்றுக்கு நடுவில் தீவு, தெருவெல்லாம் கிணறு. பராசரன் தன் வீட்டுக் கிணற்றையும், அதே தெருக்களில் இருந்த உறவினர், நண்பர் வீட்டுக் கிணறுகளையும் சேர்த்துப் பதினான்கைக் குறித்துக் கொடுத்தார். அடைக்கலராஜ் ஆறு மாதம், மாதம் ஒரு முறை, பதினான்கு வீட்டுக்கும் போய் வந்தார். ஒரு பூச்சிகூட இல்லை.

பேராசிரியருக்குக் குஷி தாங்கவில்லை. காவிரி மணல் சல்லடையாக நின்று தீவின் ஊற்று நீரைச் சுத்தப்படுத்துகிறது என்று ஒரு கொள்கையே கண்டுபிடித்துவிட்டார். மேப்பில் ஸ்ரீரங்கம் மட்டும் குண்டூசி இல்லாமல் வெள்ளையாக மின்னியது. பெருமாளுக்கும் இதில் பங்கு உண்டென்று அவர் உள்ளூர நினைத்தார் என்பது என் சந்தேகம். மதராஸ் மாநாட்டில் கட்டுரை படித்துக் கைதட்டல் வாங்கி வந்தார்.

கைதட்டாமல் உட்கார்ந்திருந்த கல்கத்தா நிபுணர் ஒருவர் பின்னாலேயே கடிதம் போட்டார். பதினான்கு திறந்த கிணறுகளில் ஒன்றில்கூட இல்லை என்பது நடக்காத காரியம். உங்கள் ஆள் ஸ்ரீரங்கம் போகாமலே குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்திருப்பான், விசாரியுங்கள் என்று எழுதியிருந்தார்.

விசாரணை எங்கே நடந்தது? அன்று மாலையே அடைக்கலராஜ் கையில் மெமோ. பொய்யான மாதிரிகள் கொடுத்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். தவறினால் ஜூன் மாதம் நிரந்தரமாகப் போகிறவர்கள் பட்டியலில் பெயர் இருக்காது, வேலையும் இருக்காது. ஒன்பது வருடம் அந்த ஜூனுக்காகக் காத்திருந்த மனிதர் அவர். மனைவி சகாயம்மாள் அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டிருந்தாள்.

"வேலை போனாக்கூடப் பரவாயில்ல தம்பி சார். தண்ணி விஷயத்துல நான் பொய் சொன்னேன்னு எழுதிட்டாங்களே" என்றார் என்னிடம்.

மறுநாள் இருவரும் பேராசிரியர் வீட்டுக்கே போனோம். அவர் கல்லூரியில் இருக்கும் நேரம். அடைக்கலராஜ் வழக்கம்போல வாசல்படிக்குக் கீழே தகரடப்பாவை வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நானும் நின்றேன், வேதக்காரர்களான, அதாவது கிறிஸ்தவர்களான, எங்கள் இருவருக்கும் அந்த வீட்டில் எல்லை அதுதான். பேராசிரியரின் மனைவி மரகதவல்லி அம்மாள் கொல்லைப்புறம் போய்க் கிணற்றில் இறைத்து, குடத்தோடு வந்து, கை படாமல் உயரத்திலிருந்து டப்பாவில் ஊற்றினார். ஊற்றிய தண்ணீரைத் தெருவில் வைத்துத் தன் வலையில் வடிப்பதுதான் அடைக்கலராஜின் வேலை. ஊர்க்குட்டையெல்லாம் முங்கி எழுந்த அந்த வலையை எந்த வீட்டுக் கிணற்றில் இறக்க விடுவார்கள்?

"அம்மா, கெணத்துல இருக்கிற தண்ணி அப்படியேதானே இது?" என்று கேட்டார் அடைக்கலராஜ்.

மரகதவல்லி அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியேவா? நன்னாருக்கே! வெளி மனுஷாளுக்குக் கொடுக்கற ஜலத்தைத் தூசி தும்போட கொடுப்பாளோ? நாலா மடிச்ச துணியில வடிகட்டின்னா தரேன். இந்தத் தெருவுல எல்லா ஆத்துலயும் அப்படித்தான்."

காலேஜுக்குத் தண்ணீர் வேண்டும் என்று மட்டும்தான் பேராசிரியர் வீட்டில் சொல்லியிருக்கிறார். பூச்சிக்காக என்று சொன்னால் தன் மதிப்பு என்ன ஆகும் என்று பயந்திருப்பார். அந்த அம்மாளோ, பாவம், காலேஜில் யாரோ குடிக்கத்தான் என்று நினைத்து ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்து வடிகட்டியிருக்கிறார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடைக்கலராஜ் சிரிக்கவில்லை. "அந்தத் துணி இன்னும் ஈரமா இருக்காம்மா? அதைக் கொஞ்சம் தாங்க" என்றார்.

"பழந்துணி உனக்கு எதுக்குப்பா?" என்றபடியே கொண்டுவந்து படியில் போட்டார். அடைக்கலராஜ் அந்தத் தண்ணீரிலேயே துணியை உள்வெளியாகப் புரட்டி அலசி, அலசிய நீரை வலையில் வடித்துப் பாட்டிலில் பிடித்தார். சைக்கிளை மிதித்த மிதியில், அவர் கல்லூரி வந்து சேர்ந்து கால் மணி கழித்துத்தான் என் பஸ் வந்தது.

பேராசிரியர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் அரைமணி நேரம் எடுக்கவில்லை. "சகாயநாதன், எழுதிக்கோ" என்று எனக்குப் பெயர்களை அடுக்கினார். ஒன்பதாவதில் அவர் குரல் மாறியது. பத்தாவதை இந்த ஜில்லாவிலேயே பார்த்ததில்லை என்றார். பதினொன்றோடு நிமிர்ந்தார். "பிரமாதம்! எந்த ஊர்க் குளம்டா இது?"

"உங்க வீட்டுக் கெணறு சார்" என்றார் அடைக்கலராஜ். துணி விஷயத்தையும் சொன்னார்.

பேராசிரியர் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. மனிதர் சுதாரித்துக்கொண்டு ரிஜிஸ்டரை இழுத்தார். "மாதிரி எடுத்தவர்ங்கற இடத்துல 'நானே'ன்னு எழுதியிருக்கியே. அது பொய்தானே? மெமோ சரிதானே?"

அடைக்கலராஜ் ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தார். "நானே எடுத்திருந்தா, அந்தத் தண்ணியை நீங்க குடிச்சிருப்பீங்களா சார்?"

பேராசிரியர் மெமோவை வாங்கி நான்காகக் கிழித்தார். "ஞாயித்துக்கிழமை வலையை எடுத்துண்டு வா. நீயே இறக்கு" என்றார். அந்த நிமிஷம் அவரைப் பிடித்துப்போனது எனக்கு. ஸ்ரீரங்கத்தில் அப்படிச் சொல்ல அன்றைக்குத் துணிச்சல் வேண்டும்.

ஞாயிறன்று அடைக்கலராஜ் கொல்லைப்புற வாசல் வழியாகப் போய், வெந்நீரில் அலசிய வலையைத் தன் கையாலேயே இறக்கினார். அதே பதினொரு வகை வந்தது. ஸ்ரீரங்கத்தின் மேல் குண்டூசிகள் ஏறின, கல்கத்தாவுக்குத் திருத்தம் போனது, ஜூனில் உத்தியோகமும் நிரந்தரமானது. சகாயம்மாள் நேர்ந்துகொண்டபடி மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

ஜூலையில்தான் எனக்கு இன்னொரு செய்தி தெரிந்தது. பேராசிரியர் வீட்டுக்கு ஆற்றுத் தண்ணீர் சுமக்கும் காத்தான் சொன்னான். அந்த ஞாயிறு முதல் அந்த வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் கிணற்று நீர் கிடையாது, தீட்டுக் கழிக்கப் புண்ணியாகவாசனம் செய்யும்வரை இரண்டு வாரம் காவிரியிலிருந்து குடம் குடமாகப் போனது. வடிகட்டினால் போதாதா என்று அம்மாள் கேட்டாராம். போதாது என்று சொன்னவர் பேராசிரியர்தானாம்.

அடைக்கலராஜிடம் போய்க் கொட்டினேன். அவர் வலையில் ஒட்டியிருந்த பாசியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"காத்தான் அன்னிக்கே சொல்லிட்டான் தம்பி சார்" என்றார். "அவர் கெணத்துல பதினோரு வகை. காவிரியில நான் எண்ணிப் பாத்தது பத்தொம்போது. குடிக்கட்டும், விடுங்க."