அண்டா செட்டின் ரயில் பாட்டு

போன வாரம் கொடைக்கானலுக்கு ஏறும்போது பாதி மலையில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. கருகிய கிளட்ச் வாடையோடு தைல மர வாசனை. முன்னால் நின்ற வேனில் கல்லூரிப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் தட்டினார்கள். எனக்குத்தான் கண்ணாடியை ஏற்றிவிடத் தோன்றியது. ஏன் என்று சொல்கிறேன்.

சம்பாதிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு பாட்டுக் குழுவில் கிதார் வாசித்தேன். வாசித்தேன் என்பது பெரிய சொல். நாலு கார்டு பிடிக்கத் தெரியும், ஐந்தாவது வந்தால் சிரித்துச் சமாளிப்பேன். டிரம்ஸ் ஸ்டீபன். பாடுவது செல்வராணி, எங்கள் இருவருக்கும் மூத்தவர். கொடைக்கானலில் ஓர் ஓட்டல் புல்தரையில் முதல் நிகழ்ச்சியன்று மலைப்பாதையில் மண் சரிந்து, டிரம்ஸ் ஏற்றிய வண்டி கீழேயே நின்றுவிட்டது. ஸ்டீபன் அசரவில்லை. சமையல்கட்டுக்குள் போய் பிரியாணி அண்டாவையும் இட்லிக் கொப்பரையையும் தூக்கி வந்து கரண்டியால் வெளுத்துவிட்டான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ‘அண்டா செட்டு’ என்று பெயரும் ஒட்டிக்கொண்டது. மறுநாள் டிரம்ஸ் வந்தபோது மேனேஜர் மூட்டையைப் பிரிக்கவே விடவில்லை.

“அண்டாவுக்குத்தாம்ப்பா ஆளு வருது.”

சமையல்காரர் தொப்பியும் வந்தது. பொய் சொல்வானேன், எங்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அடுத்த சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் செல்வராணியின் அம்மா இறந்துபோனார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் அவரை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டு, கூடப் பிறந்த அக்காவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஸ்டேஷனில் பிரிந்தவர்கள் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. அதை அந்த அம்மா தனக்குத்தானே ஒரு பாட்டாக முனகுவாராம். கேட்டது ஒரே மகள் செல்வராணி மட்டும்.

“கையக் காட்டாம ஏன் நின்னே அக்கா, ரயிலு கெளம்பிருச்சே...”

மெதுவாக, மூச்சு விட்டு விட்டுப் போகும் மெட்டு.

“இத ஒரு வாட்டி மேடையில பாடணும் தம்பி. அம்மாவுக்காக. அண்டா வேணாம், தொப்பி வேணாம்” என்றார்.

மேடை ஏறியதும் தொப்பியைக் கழற்றினோம். அதற்கே முன்வரிசையில் சிரிப்பு. செல்வராணி கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். ‘ரயிலு’ என்றதும் யாரோ ‘கூ...’ என்று ஊதினார். அவ்வளவுதான். ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் புல்தரையில் ரயில் விட ஆரம்பித்தார்கள். கெட்டவர்கள் இல்லை, அண்டா செட்டு வேறெதற்கு மேடை ஏறும்? அவர் குரல் உடைந்தபோது கைதட்டல் கூடியது. நிறுத்தினால் அழுதுவிடுவார், பாடினால் சிரிக்கிறார்கள். ரயில் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தது. இறங்க வழியில்லை.

முடிந்ததும் ஒரு பெண் ஓடிவந்து செல்வராணியின் கையைப் பிடித்தார். “அழுற மாதிரி என்னமா நடிக்கிறீங்க!”

பின்னாலேயே மேனேஜர். “நாளைக்கும் அந்த ரயில் பாட்ட வச்சிருங்க. கொஞ்சம் வெரசா.”

“அவங்க அம்மா செத்ததுக்குப் பாடுனது சார்” என்றான் ஸ்டீபன்.

மேனேஜர் ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு வயிற்றில் செல்லமாக ஒரு குத்து விட்டு, “நீ இருக்கியே!” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சீசன் முழுக்க வாசிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தோம். பாதியில் விட்டால் மலையில் வேறு ஓட்டல் கூப்பிடாது. செல்வராணிதான் முடிவெடுத்தார்.

“வெரசாவே பாடிருவோம் தம்பி. இது வேற பாட்டுன்னு நெனச்சுக்கிறேன். அம்மாவோடது வீட்ல பத்திரமா கெடக்கட்டும்.”

அண்டா திரும்பி வந்தது. சாயங்காலம் தவறாமல் ரயில் ஓடியது. மற்ற ஓட்டல்களிலும் அதையே கேட்டார்கள்.

அம்மாவின் வருஷ நினைவுக்குப் பெரும்பாறை கிராமத்தில் செல்வராணியின் வீட்டுக்குப் போயிருந்தோம். படத்துக்கு மாலை போட்டுவிட்டு செல்வராணி பாடத் தொடங்கினார். வேகமாக வந்தது. நிறுத்தினார். மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் அதே வேகம்.

“முன்னாடி எப்பிடி வரும் தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

என் விரல்கள் தொடையில் தேடின. அவையும் வேகமாகத்தான் தேடின. ஸ்டீபன் தரையில் தட்டிப் பார்த்தான், அதுவும் ரயிலாகவே ஓடியது.

அதற்குப் பின் அவர் பாடவில்லை. மிளகு பறிக்கப் போய்விட்டார். செட்டும் கலைந்தது. அந்தப் புல்தரையில் இப்போது கார்கள் நிற்கின்றன. ஆனால் அந்த மெட்டு? அப்படி ஒன்று இருந்தது என்று சொல்ல நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். எப்படி இருந்தது என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.