நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்

அந்த ஜீப்பை நான் எந்தப் புத்தியில் வாங்கினேன் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே திக்கென்கிறது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. மூன்று மாதம் நன்றாக யோசித்து, வேண்டாம் என்று சொன்னவர்களோடெல்லாம் சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்துத் தறிகளில் நெய்து முடித்த பட்டுப் புடவைகளை வாங்கி, சென்னைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். வாரத்தில் நாலு நாள் போய்வர வேண்டும். அதுவரைக்கும் பஸ்தான். எங்கள் ஊரில் பட்டு மூட்டையைக் கால் படும் இடத்தில் வைக்க மாட்டோம். சீட்டுக்கு அடியில் தள்ளுவது என்ற பேச்சே கிடையாது. மடியில் வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் தலைக்கு மேல் உள்ள கம்பியில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடியே பூந்தமல்லி வரை போவேன். இறங்கும்போது கழுத்து திரும்பாது.

பார்த்து வைத்த வண்டிகள் இரண்டு. ஒன்று, நீளமான டீசல் வண்டி. நாலு பக்கமும் கதவு, கண்ணாடி, மேலே தகரக் கூரை. பின்சீட்டை மடக்கினால் ஐம்பது புடவையைக் கசங்காமல் பரப்பி வைக்கலாம். குடிக்கிற டீசலுக்கு நன்றாக ஓடும். கல்யாண வீட்டு மாமா மாதிரி ஒரு தோற்றம் அதற்கு. இன்னொன்று, மலைத் தோட்டம் ஒன்றில் ஓடி விலைக்கு வந்த பழைய ஜீப். தார்ப்பாய்க் கூரை, பக்கத்தில் கதவு கிடையாது, கியர் கம்பிக்குப் பக்கத்திலேயே இன்னொரு குட்டைக் கம்பி. அதை இழுத்தால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். பாலாற்று மணலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டிப் பார்த்தேன். முழங்கால் ஆழ மணலில் உறுமிக்கொண்டு ஏறிப் போனது. அன்றோடு நான் அவுட்.

மெக்கானிக் பச்சையாகவே சொன்னார். "தெனம் மெட்ராஸ் போவறதுக்குப் பெரிய வண்டி எடு. ஏரி உழுவறதுக்குன்னா இத எடு. நீ எதுக்கு எடுக்கற, அத மொதல்ல சொல்லு."

நான் இரண்டுக்கும் என்றேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். என் மனைவி அவ்வளவு சுலபமாக விடவில்லை. மழை வந்தால் புடவையை எங்கே வைப்பீர்கள், புழுதி அடித்தால் என்ன செய்வீர்கள், குழந்தையை எங்கே உட்கார வைப்பீர்கள் என்று தினம் ஒரு கேள்வி. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. உண்மையான பதிலை மட்டும் நான் சொல்லவில்லை. நாற்பது வயதுவரை பிறர் புடவையைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் நின்றவன் நான். ஞாயிற்றுக்கிழமையாவது தார் ரோட்டை விட்டு இறங்கி, என் இஷ்டத்துக்கு ஏதாவது ஒரு மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. இதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் கோபப்பட்டேன்.

ஜீப் வந்தது. டீசல் முள் வேலை செய்யாது. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சென்னை ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று வழியெங்கும் தோண்டிப் போட்டிருந்தார்கள், நடுவழியில் நின்றால் நாதி இல்லை. அதனால் முன்சீட்டுகளுக்குப் பின்னால் ஓர் இரும்புச் சட்டம் அடித்து, அதில் இருபது லிட்டர் டீசல் கேனை நிறுத்தி வார் போட்டு இறுக்கினேன். பார்க்க மிலிட்டரி வண்டி மாதிரி கம்பீரமாக இருந்தது.

என்னிடம் புடவை கொடுத்தவர்களில் ஒரு தறிக்காரம்மா உண்டு. புருஷன் இல்லை, ஒரே பெண். அந்தப் பெண்ணுக்குத் தென்னேரியில் மாப்பிள்ளை அமைந்தது. தாலி கட்டும்போது பெண் உடுத்தும் கூரைப்புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். எங்கள் ஊரில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெண் வீடே தறி வீடு என்றால் வெளியே போய் ஏன் வாங்க வேண்டும்? மாப்பிள்ளை வீட்டார் பட்டுக்கும் ஜரிகைக்கும் கொடுத்துவிடுவார்கள், பெண்ணின் தாயே நெய்வாள். ஆனால் நெய்து முடித்த புடவை அவள் வீட்டில் இருக்கக் கூடாது. முதல் நாளே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மறுநாள் வரிசைத் தட்டில் அவர்கள் கொடுத்ததாகவே திரும்பி வர வேண்டும். இருபத்தைந்து நாள் தறியில் உட்கார்ந்து அந்த அரக்குப் புடவையை அவள் நெய்தாள். முந்தி பிடித்து முடித்த அன்று எனக்கு ஆள் அனுப்பி வரச்சொல்லிக் காட்டினாள். ஆயிரக்கணக்கில் புடவை பார்த்த கண் என்னுடையது, அதை மடிக்க மனம் வரவில்லை.

தென்னேரிக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று முந்திக்கொண்டேன். புது வண்டியைக் காட்ட வேண்டாமா?

வைகாசி வெயில். முன்சீட்டில் என் மனைவி, அவள் மடியில் பழத்தட்டு. புடவையை வெள்ளை வேட்டித் துணியில் சுற்றியிருந்தார்கள். பின்னால் பக்கவாட்டுப் பலகைகள் இருந்தன, ஆனால் குலுக்கலில் மூட்டை கீழே நழுவும். கீழே செருப்புக் கால் படும் தரை. கூரைப்புடவையை அங்கே விழ விடுவதா? வண்டிக்குள் உயரமான இடம் அந்த டீசல் கேனின் தலைதான். மூடியை இன்னொரு தரம் திருகிப் பார்த்தேன். அதன்மேல் மூட்டையை வைத்துக் கயிற்றால் கட்டி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இதை எழுதும்போது என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஐயம்பேட்டை தாண்டும்வரை ஒழுங்காகத்தான் போனேன். தென்னேரி கிட்டே வந்ததும் கை அரித்தது. ஏரியில் தண்ணீர் வற்றி, ஓரமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ரோட்டை விட்டு ஏரிக்குள் இறக்கினேன். குட்டைக் கம்பியை இழுத்தேன். மனைவி பழத்தட்டைக் கட்டிக்கொண்டு கத்தினாள், நான் சிரித்தேன். கால் மணி நேரம் மேடும் பள்ளமுமாக விட்டு ஆட்டிவிட்டுக் கரையேறி நிறுத்தினேன். வாசனை வந்தது.

துணியைப் பிரித்தேன். அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருந்தது, நான் மூடியைத்தான் திருகினேனே தவிர உள்ளே பார்க்கவில்லை. பருத்தித் துணி டீசலை உறிஞ்சி, முந்தி மடிப்புக்குள் இறக்கிவிட்டிருந்தது. வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன்.

அரக்கு நிறம் என்பதால் கறை கண்ணுக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைக் கெடுத்தது. ஜீப்பின் தார்ப்பாயைக் கழற்றி, கூரைக் கம்பியில் புடவையைக் காற்றாட விட்டேன். மனைவியின் பையிலிருந்த முகப்பவுடரைக் கொட்டித் தேய்த்து உதறினேன். என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் அத்தரைத் தொட்டுத் தடவினேன். ஒரு மணி நேரத்தில் வாசனை பாதி அடங்கியது. மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நேரா போயி நடந்தத சொல்லிடுங்க. இன்னும் ஒரு நாள் இருக்குது."

நான் அவள்மேல் பாய்ந்தேன். கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசுவார்கள், பெண்ணுக்குத்தான் கெட்ட பேர், காலைக்குள் வாசனை போய்விடும் என்று எனக்கு வேண்டிய நியாயத்தையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். புடவையை என் தோள் துண்டில் சுற்றிக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் கொடுத்தேன். மறுநாள் கல்யாணத்துக்கு அவள் வரவில்லை. வந்தால் தன் வாய் சும்மா இருக்காது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பந்தலில் மாப்பிள்ளையின் அம்மா வரிசைத் தட்டில் மல்லிகைக்கு நடுவே புடவையை வைத்துக் கொடுத்தார். பெண் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, யாராவது மூக்கைச் சுளிக்கிறார்களா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் சுளிக்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் ஜீப்பைப் பற்றிப் பேசக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

பெண் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மணையில் உட்கார்ந்தாள். ஐயர் குண்டத்தில் நெய்யை விட்டார். தீ எழும்பியது.

அந்த நொடி வரைக்கும், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தீ ஞாபகமே வரவில்லை. நேற்றிலிருந்து எனக்கு இருந்த பயமெல்லாம் வாசனையைப் பற்றியும் என் மானத்தைப் பற்றியும்தான். எத்தனை கல்யாணம் பார்த்தவன் நான். பட்டு அசலா என்று பார்க்க நூல் நுனியைக் கொளுத்துவது எங்களுக்குத் தினசரி வேலை. அசல் பட்டு பொசுங்கி அணைந்துவிடும், நின்று எரியாது. டீசல் குடித்த பட்டு? அது விளக்குத் திரி. எந்த மடிப்பில் இறங்கியது என்று எனக்குத் தெரியும். அந்த முந்தி அவள் தோளிலிருந்து இறங்கி, குண்டத்துக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் கிடந்தது. ஐயர் அவளைக் கொஞ்சம் முன்னால் நகரச் சொன்னார்.

நான் எப்படி எழுந்தேன், யார் தலையைத் தாண்டினேன் என்று தெரியாது. மணமேடையில் ஏறி, தாலி ஏறாத பெண்ணின் முந்தானையைக் கையால் பற்றி இழுத்தேன். நாதஸ்வரம் நின்றது. யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். மாப்பிள்ளையின் மாமா என் கன்னத்தில் அறைந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முந்தியை விடாமல், இதில் டீசல் இருக்கிறது, தீயை விட்டுத் தள்ளிப் போங்கள் என்று சொன்னேன். கத்தினேனா முனகினேனா என்பதுகூட நினைவில்லை.

தறிக்காரம்மா என் கையிலிருந்து முந்தியை வாங்கினாள். முகர்ந்து பார்க்கவில்லை. பெண்ணைப் பிடித்து எழுப்பி, அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் மெதுவாக உள்ளே வரச்சொல்லி அழைத்துப் போனாள். ஒரு புதுப் பருத்திச் சேலையை மஞ்சளில் நனைத்துப் பிழிந்து உள்ளே கொடுத்தனுப்பினார்கள். அதைக் கட்டிக்கொண்டு அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். நேரம் தவறுவதற்குள் தாலி ஏறியது.

ஜீப்பை அந்த மாதமே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கதவு வைத்த அந்த நீள டீசல் வண்டியை வாங்கினேன். ஏன் மாற்றினாய் என்று கேட்டவர்களிடம் மைலேஜ் கட்டவில்லை என்றேன். வண்டியை மாற்றுவது ஒரு காரியமே இல்லை. அன்று பந்தலுக்கு வெளியே தறிக்காரம்மா என்னிடம் பேசியதற்குத்தான் நான் இன்னும் பதில் தேடுகிறேன்.

எல்லோரும் பந்தியில் இருந்தார்கள். கன்னம் எரிய எரிய நான் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். அவள் தேடிக்கொண்டு வந்தாள்.

"நேத்தே தெரியுமாண்ணா?"

தெரியும் என்றேன். பெண்ணுக்குக் கட்டிவிடும்போதே தனக்கும் வாசனை அடித்ததாகவும், மாப்பிள்ளை வீட்டுப் புடவையைக் குறை சொன்னால் சம்பந்தி மனம் கோணும் என்று வாயை மூடிக்கொண்டதாகவும் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மாவும் முகர்ந்திருக்கிறார். நெய்தவள் வீட்டுச் சாய வாசனை, அதைச் சொன்னால் இவள் மனம் நோகும் என்று அவரும் விட்டுவிட்டாராம். அவர்கள் இரண்டு பேரும் இன்னொருவர் மனதுக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

அதே மாதிரி இன்னொரு புடவைக்குப் பட்டு, ஜரிகை எல்லாம் நானே வாங்கித் தருகிறேன், இருபத்தைந்து நாள் உழைப்பைப் பாழாக்கிவிட்டேன் என்று உளறினேன்.

"அது பொடவைதாண்ணா," என்றாள். "அத நான் இன்னொண்ணு நெய்வேன்."

சொல்லிவிட்டு, பந்தியில் உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, வந்து சாப்பிடும்படி என்னைக் கூப்பிட்டாள்.