பொங்கல் பானைக்கும் யாளிக்கும் ஒரே அலமாரி

காமிக்ஸ் விக்கிறவளுக்கு வருஷக் கடைசி வந்துட்டா, "இதைப் படிச்சா பரீட்சையில மார்க்கு வருமா?"ங்கிற கேள்விக்கு நாள் முழுக்கச் சிரிச்ச முகத்தோட பதில் சொல்றதுதான் தொழில். பரிசாப் புத்தகம் குடுத்து அசடு வழிஞ்சவங்க, பரிசாப் புத்தகம் வந்து முகம் தொங்கிப் போனவங்க, எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. நம்மெல்லாம் ஒரே இனம்.

மலேசியாவுல, கோல சிலாங்கூர் டவுன்ல எங்க அக்கா கமலாவுக்குச் சேலைக் கடை. சேலை, பூஜைச் சாமான், பண்டிகைக்குப் பண்டிகை என்ன வேணுமோ அதெல்லாம் கிடைக்கும். கடையோட கடைசியில, குத்துவிளக்குக்குப் பக்கத்துல ஒரே ஒரு அலமாரி எனக்கு. அதுல டிராகன், சூனியக்காரி, பறக்கிற குதிரை, மந்திரப் பள்ளிக்கூடம், தமிழ், மலாய், இங்கிலீஷ்னு எல்லாம் இருக்கும். இந்த வருஷம் நான் தலைகால் புரியாம ஆசைப்பட்டு எக்கச்சக்கமா வரவழைச்சது 'கருங்குன்றத்து யாளி' முதல் பாகம். வேம்புன்னு ஒரு பொண்ணு யாளி மேல ஏறிப் பறக்கிற கதை. கடைசிப் பக்கத்துல அவ மலை உச்சியில இருந்து விழுறா, அதோட 'தொடரும்'. ரெண்டாம் பாகம் ஒண்ணே ஒண்ணுதான் வந்துச்சு, அதை மேல் தட்டுல எடுப்பா நிறுத்தி வச்சிருந்தேன்.

சரஸ்வதி பூஜைக்குக் கடை கழுவுறப்ப அக்கா அந்தக் குவியலைப் பாத்தா. அட்டையில இருந்த யாளியைப் பாத்தா. என்னைப் பாத்தா. "புஷ்பா, கிறிஸ்மஸ் முடியறதுக்குள்ள இதெல்லாம் காலியாகணும். ஆகலேன்னா அலமாரியை நான் எடுத்துக்குவேன். பொங்கப் பானை வச்சா விக்கும்லா, இந்தப் பேய் எங்க விக்கப் போவுது?"

பேயாம்! கோயில் தூண்ல தும்பிக்கையும் பல்லுமா நிக்குதே, தினம் அதுக்குக் கீழதானே செருப்பைத் தொலைச்சிட்டு நிக்கிறா! எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. அந்த அலமாரி போச்சுன்னா நான் காலம் பூரா ரவிக்கைத் துணி கிழிச்சிக்கிட்டு நிக்கணும். வித்துக் காட்டுறேன் பாருன்னு முந்தானையை இழுத்துச் சொருகினேன்.

சாமிகிட்ட மாட்டிக்கிட்ட யாளி

முதல் வாடிக்கையாளர் முனியாண்டி அண்ணன். பக்கத்து எஸ்டேட்ல செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறவரு. மனைவிக்குச் சேலை எடுக்கக் கூட வந்தவரு, அவங்க பாத்து முடிக்கிற வரைக்கும் என் அலமாரிகிட்ட ஒதுங்கினாரு. போறப்ப கையில யாளி முதல் பாகம். "மகனுக்கு"ன்னாரு. மகன் படிப்பு முடிச்சு சிங்கப்பூர்ல வேலை செய்யுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

அன்னைக்குச் சாயங்காலம், வேம்பு குகைக் கதவைத் தள்ளுற கட்டம் வரைக்கும் படிச்சிருக்காரு. குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அவர் மனைவி வீட்டுல இருந்த புத்தகம் அத்தனையும் அள்ளிச் சரஸ்வதி படத்துக்கு முன்னால அடுக்கி, பொட்டு வச்சி, பூவும் போட்டுட்டாங்க. மறுநாள் பூஜை முடிஞ்சு எடுக்கிற வரைக்கும் புத்தகத்தை யாரும் தொடக்கூடாது, அது நமக்கெல்லாம் தெரிஞ்ச சட்டம்தான். கதவு பாதி திறந்திருக்கு, வேம்பு ஒரு காலை உள்ள வச்சிட்டா, மனுஷன் எப்படித் தூங்குவாரு?

காலையில நான் கடை திறக்கிறப்ப வாசல்ல நிக்கிறாரு. நேரா அலமாரிக்குப் போனாரு, இன்னொரு பிரதியை எடுத்தாரு, குத்துவிளக்கு மறைவுல நின்னுக்கிட்டே படிக்க ஆரம்பிச்சிட்டாரு. "அண்ணே, இன்னைக்குப் படிக்கக் கூடாதுலா"ன்னேன். தலையைத் தூக்காமலே பதில் சொன்னாரு: "அது வீட்டுப் புக்குக்கும்மா. இது கடைப் புக்கு, இன்னும் பொட்டு வைக்கல."

வெளிச்சத்துல பாக்கணும்

தீபாவளிக் கூட்டத்துல ஒரு அம்மா, புக்கிட் செந்தோசாவில இருந்து சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்தவங்க. தங்கச்சி மகளுக்குப் பரிசு வேணுமாம். பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டேன். "நல்லா வளத்தியான பொண்ணு"ன்னாங்க. என்ன பிடிக்கும்னு கேட்டேன். "சாம்பாரைத் தொடவே மாட்டா"ன்னாங்க. இவ்வளவு தகவல் போதாதா? படிக்கச் சோம்பேறின்னா வார்த்தையே இல்லாத படக்கதை ஒண்ணு, சிரிக்கப் பிடிக்கும்னா பள்ளிக்கூடத்துல சேந்த டிராகன் குட்டி, சண்டை பிடிக்கும்னா நம்ம யாளி, கனவு காணுற பிள்ளைன்னா சிறகு வச்ச குதிரைன்னு வரிசையாப் பரப்பிட்டேன்.

அந்தம்மா பேப்பரை ரெண்டு விரல்ல வச்சித் தேச்சுப் பாத்தாங்க. புரட்டி உள்பக்கம் பாத்தாங்க. சேலை எடுக்கிறவங்க கடை லைட்டை நம்ப மாட்டாங்கல்ல, அதே மாதிரி நாலையும் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போயி வெயில்ல பிடிச்சிப் பாத்தாங்க. ஒண்ணைத் தோள்மேல வச்சிக்கூடப் பாத்தாங்க, நான் பொய் சொல்லல. திரும்பி வந்து குதிரையை மட்டும் என் பக்கம் தள்ளினாங்க: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இதுவே மயில் கழுத்து கலர்ல இருக்கா பாரும்மா."

உதறிப் பாத்த பிள்ளை

தீபாவளிக்குப் பிள்ளைங்களுக்கு உறையில பணம் வச்சி அங்பாவ் குடுக்கிறோம்ல, இந்த வருஷம் பணத்துக்குப் பதிலா காமிக்ஸ் குடுங்கன்னு கடைக்கு வந்த எல்லார்கிட்டயும் தொண்டை வத்தப் பிரச்சாரம் பண்ணேன். ஒரே ஒருத்தர் கேட்டாரு. எங்க சித்தப்பா மகன் செல்வம். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான பையன்.

அவன் வீட்டுத் தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துல வாய் நிறைய முறுக்கோட நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அவன் மச்சினிச்சி மகள், இப்பத்தான் பல்லு விழுந்து முளைக்கிற வயசு, யாளி புத்தகத்தை ரெண்டு கையிலயும் வாங்கிக் கும்பிட்டுச்சு. அப்புறம் தலைகீழாப் பிடிச்சி உதறிச்சு. ஒண்ணும் விழல. ஒவ்வொரு பக்கமாப் புரட்டிச்சு, பின்னட்டையைத் தட்டிப் பாத்துச்சு. கடைசியில செல்வத்தை இரக்கத்தோட பாத்து, காதுகிட்ட போயி மெதுவாச் சொல்லிச்சு: "பரவால்ல அங்கிள், நீங்க பணம் வைக்க மறந்துட்டீங்க, நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

கை நிறையணும்

தீபாவளி போச்சு. குதிரை போச்சு, டிராகன் குட்டி போச்சு, யாளிக் குவியல் மட்டும் அசையல. அக்கா பானைக்காரருக்குப் போன் போட்டு "நல்ல கழுத்து வச்ச பானையா அனுப்புங்க"ன்னு என் காதுபடவே பேச ஆரம்பிச்சிட்டா.

அப்பத்தான் அக்காகிட்ட வாடிக்கையாச் சேலை எடுக்கிற ராஜேஸ்வரி அம்மா வந்தாங்க. மருமக மாயாஜாலக் கதைன்னா உசிரை விடுவாளாம், பொறந்த நாளாம். நாலு பாகமா வந்த ஒரு கதையைக் காட்டி, முதல் பாகத்தைக் கையில குடுத்தேன். அவங்க தேங்காய் பொறுக்கிற மாதிரி ஒவ்வொண்ணாத் தூக்கிக் கனம் பாத்து, மூணாம் பாகத்தை எடுத்துக்கிட்டாங்க. அம்மா, பரிசுன்னா முதல் பாகம்தான் குடுக்கணும், இதுல ஆரம்பிச்சா யாரு இருக்கா யாரு செத்தான்னே தெரியாதுன்னு கெஞ்சினேன். உங்களுக்கும் சொல்றேன், எழுதி வச்சிக்குங்க: பரிசுன்னா முதல் பாகம்தான். ராஜேஸ்வரி அம்மா அசையல. "நான் எந்த டிவி நாடகத்தை முதல்ல இருந்து பாத்திருக்கேன்? குடுக்கிறப்ப கை நிறையணும், அவ்வளவுதான்."

லோரி ஏறாத மலை

முனியாண்டி அண்ணன் மறுபடி வந்தாரு. இந்தத் தடவை சுவத்துல ஒட்டுற கருங்குன்றத்து வரைபடம் வேணுமாம். விரிச்சுக் காட்டினேன். காடு, பாலைவனம், எரிமலை, எல்லாம் பளபளன்னு இருக்கு. அண்ணன் விரலை வச்சி அடிவாரத்துல இருந்து வளைவு வளைவா ஏத்திக்கிட்டே போனாரு, பாதி மலையில நிறுத்திட்டாரு. "இந்த ரோடு சரியில்ல, வளைவுல லோரி திரும்பாது"ன்னாரு.

முன்னால சேலை மடிச்சிக்கிட்டிருந்த அக்கா, திரும்பிக்கூடப் பாக்காம, "அவதான் பறந்து போறாளே, ரோடு எதுக்கு?"ன்னா. அக்காவுக்கு இது எப்படித் தெரியும்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல, மரமண்டை. முனியாண்டி அண்ணன் விட்டுக் குடுக்கிற ஆளா? "பறப்பா தங்கச்சி, பின்னால அரிசி மூட்டையை யாரு கொண்டு போறது?"

யாருகிட்டயும் சொல்லாதீங்க

டிசம்பர்ல எனக்கு யோகம் அடிச்சுது. பக்கத்து எஸ்டேட் சேப்பல்ல இளைஞர் குழு ஒண்ணு இருக்கு. அவங்க பேரெல்லாம் எழுதிக் குலுக்கிப் போட்டு, யாருக்கு யார் பேரு வருதோ அவங்களுக்கு ரகசியமாப் பரிசு வாங்கணும். பூசை முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணாப் பிரிப்பாங்க. முதல்ல ரீட்டா வந்தா. "அக்கா, யாருகிட்டயும் சொல்லாதீங்க, ப்ளீஸ் லா." சொல்லுவேனா? பரிசுன்னா முதல் பாகம்தான், யாளியை எடுத்துக் குடுத்தேன். அடுத்து அவ தம்பி, அடுத்து கித்தார் வாசிக்கிற பையன், அப்புறம் ஒவ்வொருத்தரா, தனித்தனியா, அக்கம் பக்கம் பாத்துக்கிட்டே வந்தாங்க. எல்லாருக்கும் வாயை இறுக்கி மூடிக்கிட்டு யாளியைக் குடுத்தேன், எல்லாத்தையும் ஒரே பச்சைத் தாள்ல சுத்தியும் குடுத்தேன். குவியல் கரையக் கரைய எனக்குத் தலை கிறுகிறுன்னு சுத்துது. அக்கா பாக்காதப்ப ஒரு ஆட்டம்கூடப் போட்டேன்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் கடைசி ஆளா வந்தது குழுத் தலைவர் ஸ்டீபன். கடைசிப் பிரதி. தாளைச் சுத்தி ஒட்டுறப்பத்தான் மண்டையில பளார்னு விழுந்துச்சு. ஐயய்யோ! எல்லாரும் எல்லாருக்கும் இதையேல்ல வாங்கியிருக்காங்க! இப்பச் சொன்னா எல்லார் ரகசியமும் போச்சு. சொல்லலேன்னா என் மானம் போச்சு. ஸ்டீபன் பொட்டலத்தைத் தடவிக்கிட்டே பெருமையாக் கேக்குறான்: "இப்படி ஒரு பரிசு வேற யாருக்கும் தோணியிருக்காதுல்ல அக்கா?"

அவ இன்னும் கீழ வந்து சேரல

கிறிஸ்மஸுக்கு மறுநாள் கடைக்கு வந்தா, பானையெல்லாம் வைக்கோலோட வந்து இறங்கியிருக்கு. அக்கா அதை என் அலமாரியில அடுக்கிக்கிட்டிருக்கா! "காலியாகணும்னு நீதானே சொன்னே? ஆக்கிட்டேன்ல!"ன்னு கத்தினேன். "காலியாத்தானே இருக்கு, அதான் வைக்கிறேன்"னு அவ பாட்டுக்கு வைக்கிறா. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அந்த நேரம் பாத்து வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. சேப்பல் பிள்ளைங்க அத்தனை பேரும் இறங்குறாங்க, அத்தனை பேர் கையிலயும் யாளி. செத்தேன்னு நினைச்சேன். எல்லாத்தையும் திருப்பிக் குடுத்தா அலமாரி நிறைஞ்சிடும், அக்கா சொன்ன பேச்சுப்படியும் நான் தோத்துடுவேன்.

ரீட்டா சிரிச்சிச் சிரிச்சிச் சொன்னா. முதல் பொட்டலம் பிரிச்சப்ப கை தட்டினாங்களாம். ரெண்டாவதுக்குச் சிரிச்சாங்களாம். அதுக்கப்புறம் பாதரே சிரிச்சு நிக்க முடியாம உக்காந்துட்டாராம். எல்லார்கிட்டயும் ஒரே புத்தகம் இருக்கு, வேற என்ன செய்றதுன்னு வட்டமா உக்காந்து நாடகம் மாதிரிப் படிச்சிருக்காங்க. ரீட்டா வேம்பு, கித்தார் பையன் யாளி, ஸ்டீபன் குகைக் கதவு. கடைசிப் பக்கம் வந்து அவ விழுந்ததும் ஒருத்தருக்கும் கேக் இறங்கலையாம். "அக்கா, ரெண்டாம் பாகம் எங்க?"ன்னு எல்லாரும் ஒரே குரல்ல கேட்டாங்க.

மேல் தட்டைப் பாத்தேன், அங்க பானை இருக்கு. ரெண்டாம் பாகத்தைக் காணோம்! தலைகீழாத் தேடினோம். அக்கா மட்டும் தேடாம, ஒரே பானையைத் தொடச்சிக்கிட்டே இருந்தா. ஸ்டீபன் கல்லாகிட்ட இருந்த பட்டுச் சேலைக் கட்டைத் தூக்கினான். அடியில ரெண்டாம் பாகம், நடுவுல அடையாளத்துக்குச் சிவப்பு ரவிக்கைத் துணி. எனக்கு வந்த சந்தோஷத்துல தேடத் தூக்கின பானையைக் கீழ போட்டேன். அக்கா அதுக்குக்கூடத் திட்டல. முகமெல்லாம் சிவக்க ஓடி வந்து புத்தகத்தைப் பிடுங்கி நெஞ்சோட அணைச்சிக்கிட்டா: "பானையெல்லாம் வாசலுக்குப் போகட்டும், நீ இவங்களுக்கு ஒரு பெட்டி வரவழை, ஆனா இதை மட்டும் யாரும் தொடாதீங்க, அவ இன்னும் கீழ வந்து சேரல!"

இப்பப் பானை வாசல்ல வெயில் காயுது, யாளி உள்ள ஃபேனுக்கு அடியில சுகமா இருக்கு, நான் மட்டும் மூணாம் பாகம் எப்ப வரும்னு கேட்டுத் துரத்துற அக்கா கண்ணுல படாம குத்துவிளக்கு மறைவுல ஒளிஞ்சிக்கிட்டிருக்கேன்.